மழை, வெயில், குளிர்: மழலை வகுப்பில் சீண்டலைத் தடுக்கப் பருவங்கள் உதவுமா?

மழலை வகுப்பு டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான்கிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். அடுத்த கல்வியாண்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். பருவத்துக்கு ஒரு கைவேலை, ஒரு விளையாட்டு என்பது எங்களிடம் ஏற்கெனவே உண்டு. மழை வந்தால் காகிதக் கப்பல், இலை உதிர்ந்தால் இலை ஒட்டுதல், வெயில் காலத்தில் நிழல் வரைதல், இப்படி. அன்பாக நடந்துகொள்வதையும் அடுத்த பிள்ளையைச் சீண்டாமல் இருப்பதையும் இந்த முறை அதிலேயே கலந்து சொல்லிக்கொடுக்க நினைக்கிறேன்.

எங்கள் வகுப்பில் அடிதடி பெரிதாகக் கிடையாது. "நீ வராதே, உன்னைச் சேத்துக்க மாட்டோம்" என்பதுதான் அதிகம். மணல்தொட்டி ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை கையில் சின்ன வாளியோடு நிற்கிறாள். யாரும் அவளைத் தள்ளுவதில்லை, திட்டுவதுமில்லை. அவள் கிட்டே வந்தால் உள்ளே இருப்பவர்கள் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். வெளியே நின்றபடியே மணலை அள்ளுவதும் கொட்டுவதுமாக அவளுக்கு இடைவேளை முடிந்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அவளும் விளையாடுவது போலவே தெரியும்.

சுவரில் "அன்பாக இருப்போம்" என்று படம் ஒட்டிவிட்டால் அந்தத் தொட்டிக்குள் அவளுக்கு இடம் கிடைத்துவிடாது. உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ நிஜமாகவே பலன் தந்தது எது? இந்த வயதில் இதையெல்லாம் பேசலாமா?

இரட்டையரின் அம்மா

நல்ல கேள்வி டீச்சர். என் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இலையுதிர் காலத்தில் "நன்மை மரம்" வைத்தார்கள். காய்ந்த கிளை ஒன்றைத் தொட்டியில் நட்டு, யாராவது நல்ல காரியம் செய்தால் காகித இலையில் அவர்கள் பெயரை எழுதித் தொங்கவிடுவார்கள். மாதக் கடைசியில் அதிக இலை வாங்கிய பிள்ளைக்குப் பரிசு. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பென்சில் கீழே விழுந்தால் எடுத்துக் கொடுக்க மூன்று பேர் ஓடுவார்கள். எளிதான வேலை, செலவும் இல்லை. செய்து பாருங்கள்.

பள்ளி ஆலோசகர்

டீச்சர், நீங்கள் முதுகைக் காட்டி உட்காருவதைக் கவனித்ததே பெரிய விஷயம். பல இடங்களில் சத்தம் வந்தால்தான் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்போம்.

முதலில் சண்டையையும் சீண்டலையும் பிரித்துக்கொள்ள வேண்டும். காலையில் கா விட்டு மதியத்துக்குள் பழம் விடுவது இந்த வயதில் அன்றாடம் நடப்பது. அதற்கெல்லாம் விசாரணை வைக்கத் தேவையில்லை. இந்தத் துறைக்கு முன்னோடியான டான் ஓல்வியஸ் துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. 1983இல் நார்வேயின் பெர்கன் நகரில் அவர் தொடங்கிய தடுப்புத் திட்டம்தான் பிறகு பல நாடுகளுக்கும் போனது. உங்கள் மணல்தொட்டியில் இரண்டாவதும் மூன்றாவதும் தெளிவாகத் தெரிகிறது. நான்கு வயதுப் பிள்ளை வேண்டுமென்றே செய்கிறதா என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் எந்தப் பிள்ளைக்கும் பட்டம் கட்டாதீர்கள். ஆனால் இப்போதே தலையிடுங்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டால், யார் உள்ளே யார் வெளியே என்பது அந்த வகுப்பில் உறைந்துவிடும்.

அப்புறம் நன்மை மரம். அம்மா தவறாக நினைக்க வேண்டாம், பிள்ளைகளின் ஆர்வம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பரிசு வேண்டாம். பெலிக்ஸ் வார்னகெனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 20 மாதக் குழந்தைகள் பெரியவருக்கு உதவும்போது சிலருக்குப் பொருள் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள், சிலரை வாயால் பாராட்டினார்கள், சிலருக்கு எதுவும் தரவில்லை. பரிசு வாங்கிய குழந்தைகள்தான் பின்னால், பரிசு நின்றதும், மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். உதவும் எண்ணம் பிள்ளையிடம் முன்பே இருக்கிறது. பரிசு வந்ததும் கண் பரிசின் மேல் போய்விடுகிறது. ஒரு பென்சிலுக்கு மூன்று பேர் ஓடியதாகச் சொன்னீர்களே, அதே நாளில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் யார் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இலை கிடைக்காத வேலைக்குப் போட்டி இருக்காது.

மரத்தை எடுக்க வேண்டாம், இலையை மாற்றுங்கள். உதவி பெற்ற பிள்ளை வந்து சொல்லட்டும்: "என் ஷூ கழன்றபோது ஒருத்தர் எனக்காக நின்றார்." டீச்சர் அதை இலையில் எழுதித் தொங்கவிடட்டும். பெயரும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். வாரம் ஒருமுறை இலைகளைப் படித்துக் காட்டினால் போதும்.

இரட்டையரின் அம்மா

தவறாக நினைக்க என்ன இருக்கிறது? பெயர் இல்லாத இலை நன்றாக இருக்கிறது. ஒரே பிள்ளைதான் மாதாமாதம் பரிசு வாங்கினான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. மற்றவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டார்கள்.

தோட்டக்காரத் தாத்தா

பேரப்பிள்ளைகளோடு தோட்டவேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். விதை விதைக்கும் காலத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே மாதிரி இரண்டு செடி. ஒன்றிடம் தினமும் அன்பாகப் பேச வேண்டும், மற்றதைத் திட்ட வேண்டும். திட்டு வாங்கிய செடி வாடிப்போகும் என்கிறார்கள். பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் மனதில் பதியும் அல்லவா? வெயில் காலத்தில் பறவைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதும் நல்ல பழக்கம்.

அறிவியல் ஆசிரியர்

ஐயா, தண்ணீர்க் கிண்ணம் அருமை. செடி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செடிக்கு வசவு புரியாது. தண்ணீரும் வெளிச்சமும் ஒரே அளவில் கிடைத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் வளரும். திட்டு வாங்கிய செடி நன்றாகத் தழைத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? திட்டினாலும் ஒன்றும் ஆகாது என்றுதானே அது எடுத்துக்கொள்ளும்? அப்படி ஆகக்கூடாது என்று சில பெரியவர்கள் ஒரு செடிக்குத் தண்ணீரைக் குறைக்கிறார்கள். அன்பைச் சொல்லிக்கொடுக்கப் பொய் தேவையில்லை. இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கூட்டமாக நின்று ஒன்றைத் திட்டுவதற்கு நாமே தினமும் பயிற்சி கொடுக்கிறோம்.

காகித இதயத்தைக் கசக்கி, "மன்னிப்புக் கேட்டாலும் சுருக்கம் போகாது" என்று காட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கேலி செய்பவனுக்குச் சொல்லும் பாடமாக அதை நினைக்கிறோம். ஆனால் ஏற்கெனவே கேலிக்கு ஆளான பிள்ளையும் அதே வட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. "நீ கசங்கிவிட்டாய், இனி நிமிர மாட்டாய்" என்பதுதான் அதன் காதில் விழும். அது உண்மையும் இல்லை.

விதை போடுவதானால் நிஜமான வேலையைக் கொடுங்கள். இரண்டிரண்டு பேருக்கு ஒரு தொட்டி. ஒருவர் வராத நாளில் மற்றவர் ஊற்ற வேண்டும். ஒரு தொட்டியில் முளைக்கவே இல்லை என்றால் என்ன செய்யலாம் என்று வகுப்பே பேசட்டும். முளைக்காத தொட்டிக்காரர்களைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள். கேலி எப்படித் தொடங்குகிறது என்பதை அந்த இடத்தில் சின்னதாக, கைக்கு எட்டும் தூரத்தில் பிடிக்கலாம்.

தோட்டக்காரத் தாத்தா

சரிதான் தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். முளைக்காத தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கி நடலாம். நெருக்கமாக முளைத்திருந்தால் எப்படியும் சிலவற்றைக் களைந்துதான் ஆக வேண்டும். கொடுப்பவருக்கும் நஷ்டமில்லை.

ஒதுக்கப்பட்ட பிள்ளையின் அம்மா

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகள் அந்த வாளிப் பெண்ணைப் போலத்தான் இருந்தாள். பள்ளி நல்ல எண்ணத்தில் ஒரு காரியம் செய்தது. அன்பு வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையை அவளோடு விளையாட நியமித்தார்கள். அவர்கள் வந்தார்கள், "இன்னைக்கு நான்தான் உன்னோட விளையாடணுமாம்" என்று சொன்னார்கள், விளையாடினார்கள், போனார்கள். வாரம் முடிந்ததும் யாரும் வரவில்லை. முன்பு அவளுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு, மற்றவர்களுக்கு அவளோடு விளையாடுவது வீட்டுப்பாடம் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம், "அவங்களுக்கு ஸ்டார் குடுத்தாங்க அம்மா, எனக்கு ஏன் இல்ல?" என்று கேட்டாள்.

டீச்சர், தயவுசெய்து அந்தக் குழந்தையை மற்றவர்களின் நற்செயலுக்கான பொருளாக ஆக்கிவிடாதீர்கள். அவள் கையிலும் எதையாவது கொடுங்கள். மற்றவர்களுக்குத் தேவைப்படும் ஏதோ ஒன்று அவளிடம் இருக்கட்டும்.

பள்ளி ஆலோசகர்

சகோதரி, நீங்கள் எழுதியதை எல்லா ஆசிரியர்களும் படிக்க வேண்டும்.

நியமிப்பதில் தவறில்லை, ஒரு பிள்ளைக்காக மட்டும் நியமித்ததுதான் புண்படுத்திவிட்டது. ஜோடி போடுவதென்றால் எல்லோருக்கும் போட வேண்டும், ஆண்டு முழுவதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2012இல் வான்கூவரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நற்செயல். யாருக்குச் செய்வது என்பது அவரவர் விருப்பம். இன்னொரு குழு தனக்குப் பிடித்த மூன்று இடங்களுக்குப் போய்வந்தது. இரண்டு குழுவுக்கும் மனமகிழ்ச்சி கூடியது. ஆனால் நற்செயல் செய்தவர்களோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பிய வகுப்புத் தோழர்களின் எண்ணிக்கை கூடுதலாக உயர்ந்தது. அதாவது, உதவி செய்கிற பிள்ளையை மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மகள் உதவி பெறுகிற இடத்திலேயே உட்காரவைக்கப்பட்டாள். அவள் உதவி செய்யும் இடத்துக்கு வந்திருக்க வேண்டும்.

தொடக்கப்பள்ளி டீச்சர்

என் பங்குக்கும் சொல்கிறேன். பருவம் என்றதும் நாம் கைவேலையைத்தான் நினைக்கிறோம். எந்தப் பருவத்தில் சீண்டல் கூடுகிறது என்று பார்த்துவிட்டு, செயல்பாட்டை அங்கே வைக்க வேண்டும் என்பேன்.

மழை நாட்கள்தான் எங்களுக்கு மோசம். எல்லோரும் ஓர் அறைக்குள் அடைபடுகிறார்கள், பொம்மை குறைவு, இடம் குறைவு. ஓடித் தீர்க்க வேண்டியதெல்லாம் வாயில் வருகிறது. அதனால் மழைக்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். தனியாக ஆட முடியாத விளையாட்டுகள் மட்டும் அதில் இருக்கும். மழை விட்டுத் தூறலாகும்போது குடை நடை. இரண்டு பேருக்கு ஒரு குடை, மைதானத்தின் அந்தக் கோடி வரை போய் இருவரும் நனையாமல் திரும்ப வேண்டும். பார்க்க எளிதாக இருக்கும். உயரமான பிள்ளை குடையைப் பிடித்தால் குட்டைப் பிள்ளையின் தோள் நனையும். குட்டைப் பிள்ளை பிடித்தால் மற்றவன் தலையில் கம்பி இடிக்கும். வேகமாக நடப்பவன் இரண்டடி முன்னால் போய்விட்டு, திரும்பிப் பார்த்து, நின்று, மறுபடி சேர்ந்து நடக்க வேண்டும். வழக்கமாக யாரையும் காத்திருக்கவிடாத ஒரு பையன் அந்தக் கோடி போய் வருவதற்குள், "நீ எப்ப காலை வைக்கிறேன்னு சொல்லு, நானும் வைக்கிறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டான். நான் வாயே திறக்கவில்லை.

நல்ல வெயிலில் நிழலுக்குச் சண்டை வரும். நிழல் யாருக்கு என்று பிள்ளைகளையே பேசி முடிவெடுக்கச் சொல்லலாம். நிழல் நகரும் என்பதால் முடிவும் மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து வயதுக்கே நியாயம் நன்றாகத் தெரியும், ஒருமுறை செய்து பாருங்கள். குளிர் காலத்தில் ஜிப், பொத்தான், கையுறை. போடத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் போட்டுவிடலாம், ஆனால் "உதவட்டுமா?" என்று கேட்டுவிட்டு. "வேண்டாம்" என்றால் கையை எடுத்துவிட வேண்டும். இதை நான் ரொம்பக் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். உதவி என்ற பெயரில் சின்னப் பிள்ளையைப் பொம்மை போல இழுத்துப் பிடித்து உடுத்துவதையும் பார்த்திருக்கிறேன்.

விடுமுறை முடிந்து வரும் முதல் நாள், "லீவுக்கு எங்கே போனீங்க?" என்று வட்டத்தில் கேட்க வேண்டாம். எங்கும் போகாத பிள்ளை அந்த நிமிடமே ஒரு படி கீழே போய்விடுகிறது. "லீவில் பார்த்த ஒரு பூச்சியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். பண்டிகைக் காலத்தில் பரிசு, அழைப்பிதழ் எதையும் வகுப்புக்குள் சிலருக்கு மட்டும் கொடுக்க விடுவதில்லை.

"சேத்துக்க மாட்டேன்" என்பதற்கு ஒரு நேரடி வழியும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளியில் மழலை வகுப்பெடுத்த விவியன் பேலி, "விளையாட வராதே என்று சொல்லக் கூடாது" என்பதையே வகுப்பு விதியாக்கினார். அந்த அனுபவத்தை 1992இல் புத்தகமாகவும் எழுதினார். எடுத்த எடுப்பில் விதியைப் போட்டுவிடவில்லை. தன் பிள்ளைகளோடும் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடும் நிறையப் பேசியபிறகுதான் கொண்டுவந்தார். எங்கள் வகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. முணுமுணுப்பு இருக்கும். ஆனால் ஒதுக்கப்பட்ட பிள்ளை இனி நல்லவள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, கெஞ்சவும் வேண்டியதில்லை. அவளுக்கு உரிமை இருக்கிறது.

மழலை வகுப்பு டீச்சர்

குடை நடையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி. விதியைப் பற்றி எங்கள் வகுப்பில் பேசப்போகிறேன்.

இன்னொரு கேள்வி. நவம்பரில் இரண்டு நாட்கள் வருகின்றன. முதல் வியாழக்கிழமை, பள்ளி வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராக யுனெஸ்கோ 2020 முதல் கடைப்பிடிக்கும் நாள். 13ஆம் தேதி உலகக் கருணை நாள். எங்கள் நிர்வாகம் இரண்டையும் பெரிதாகக் கொண்டாட விரும்புகிறது. ஒரே நிறச் சட்டை, ஊர்வலம், மேடை நிகழ்ச்சி. வேண்டாம் என்று சொல்வதா?

பள்ளி ஆலோசகர்

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே நிறச் சட்டை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த நாளை நல்லபடியாகப் பயன்படுத்தலாம். 2007இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இளஞ்சிவப்புச் சட்டை போட்டு வந்ததற்காகக் கேலி செய்யப்பட்டான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் கடைக்குப் போய் இளஞ்சிவப்புச் சட்டைகளாக வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்துப் போடவைத்தார்கள். வேடிக்கை பார்க்கக்கூடிய இடத்தில் இருந்த இருவர் முன்வந்த கதை அது. அந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சட்டை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் சுற்றி நிற்பவர்களிடம்தான் விஷயம் இருக்கிறது. பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவள்ளியும் சக ஆய்வாளர்களும் 1996இலேயே இதை எழுதினார்கள். சிரிப்பவர், கூடச் சேர்ந்துகொள்பவர், விலகிப் போகிறவர், காப்பாற்ற வருபவர் என்று எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பின்னர் அந்த நாட்டில் அவர் உருவாக்கிய கிவா என்ற துன்புறுத்தல் தடுப்புத் திட்டமும் இதன் மேல்தான் நிற்கிறது. கனடாவில் தொடக்கப்பள்ளி விளையாட்டு மைதானங்களைக் காணொளியில் பதிவு செய்து 2001இல் வெளியான ஆய்வில், சக பிள்ளைகள் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட சம்பவங்கள் 10 விநாடிக்குள் நின்றுவிட்டன.

உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் சீண்டுபவரை எதிர்த்து நில் என்று சொல்லாதீர்கள், அது அவர்கள் தோளுக்குப் பெரிய சுமை. மூன்று வேலைகள் போதும். சிரிக்காமல் இருப்பது, ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்பது, பெரியவரிடம் சொல்வது. வந்து சொல்கிற பிள்ளையைக் "கோள் சொல்லாதே" என்று விரட்டாமல் இருப்பது நம் வேலை. ஒருமுறை விரட்டினால் அடுத்தமுறை வராது.

சிறப்புக் கல்வி ஆசிரியை

குறுக்கிட மன்னிக்கவும். ஆண்டு முழுவதும் என்ற பேச்சு வந்ததால் ஒன்று. 1996இல் டொராண்டோவில் மேரி கார்டன் தொடங்கிய திட்டத்தில், அக்கம்பக்கத்துக் கைக்குழந்தை ஒன்று பெற்றோருடன் கல்வியாண்டு முழுவதும் வகுப்புக்கு வந்து போகும். தலை நிற்காத குழந்தை ஆண்டுக் கடைசியில் தவழும், எழுந்து நிற்கப் பார்க்கும். அழுதால் ஏன் அழுகிறது, நாம் என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் ஊகிப்பார்கள். பேச்சு வராத என் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட வேலை மிகவும் ஒத்துவருகிறது. சொல்லால் விளக்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். அதிகமாகச் சீண்டப்படுவது பெரும்பாலும் எங்கள் பிள்ளைகள்தான். குடை நடையில் சக்கர நாற்காலிக்கும் இடம் யோசித்துவிடுங்கள். மைதானம் சேறாகிவிட்டால் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆறு வயதுப் பையனின் அப்பா

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் மகன் மறுபக்கத்தில் இருக்கிறான். "அவன் சொன்னால்தான் மற்றவர்கள் ஒருவரைச் சேர்க்கிறார்கள்" என்று வகுப்பாசிரியை சொன்னார். வீட்டில் பாசமான பிள்ளை, தங்கையை அவ்வளவு பார்த்துக்கொள்வான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்தச் செயல்பாடுகளில் என்ன வேலை? தண்டனையாக ஒதுக்கி உட்காரவைத்தால் திருந்துவானா?

பள்ளி ஆலோசகர்

ஒதுக்கியதற்குத் தண்டனையாக ஒதுக்கினால் அவன் கற்றுக்கொள்வது ஒதுக்கும் கலையைத்தான். அவனுக்கு மற்றவர்களை ஒன்றுசேர்க்கத் தெரிகிறது, சொன்னால் கேட்கிறார்கள். ஆறு வயதில் அது பெரிய திறமை. அதை வேறு வேலைக்குத் திருப்ப வேண்டும்.

டீச்சரிடம் கேட்டு, பறவைக் கிண்ணப் பொறுப்பை ஒரு வாரம் அவனுக்கு வாங்கிக் கொடுங்கள். நிபந்தனை ஒன்றுதான். தினமும் கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒரே ஆள் இரண்டு முறை வரக்கூடாது. தண்ணீர் மாற்றும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் "நீ கெட்டவன்" என்றும் சொல்ல வேண்டாம், "நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய்" என்றும் சொல்ல வேண்டாம். "அவன் கேட்டப்போ நீ என்ன சொன்னே? அப்போ அவன் முகம் எப்படி இருந்துச்சு?" இந்த இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பொறுமையாக இருங்கள். முதல் நாள் பதில் வராது.

மழலை வகுப்பு டீச்சர்

அப்பா சார் கேட்டதால் எனக்கும் ஒரு வழி கிடைத்தது. எங்கள் மணல்தொட்டியில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய்தான் உண்டு. ஈர மணல் இல்லாமல் கோட்டை நிற்காது. வறண்ட மாதங்களில் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பை நாளுக்கு இரண்டு பேர் என்று எல்லோருக்கும் சுற்றுமுறையில் வைக்கிறேன். வாளிக்காரியின் முறை முதல் வாரத்திலேயே வரும்படி பட்டியல் போட்டிருக்கிறேன். அவளோடு யாரை ஜோடி சேர்ப்பது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முதுகைத் திருப்பிக்கொள்கிறவர்களில் ஒருத்தியைச் சேர்க்கலாமா, அல்லது அமைதியான இன்னொரு பிள்ளையோடு தொடங்குவது நல்லதா?

ஒதுக்கப்பட்ட பிள்ளையின் அம்மா

அமைதியான பிள்ளையோடு தொடங்குங்கள் டீச்சர். அடுத்த சுற்றில் மற்றவளைச் சேருங்கள். முதல் நாள் தண்ணீர் கொண்டுவரும்போது அவளுக்குப் பயம் இருக்கக்கூடாது.